மீனிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

"பையன் போன்ல என்ன பார்க்கிறான்னே தெரியலை!"

நான்கு பெற்றோர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பள்ளிக்கூட மீட்டிங், கல்யாண வீடு, அபார்ட்மென்ட் மொட்டை மாடி... எங்கே போனாலும் இதே கவலைதான். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "பேரன்டல் கன்ட்ரோல் ஆப் போட்டுடுங்க" என்பார் ஒருவர். "குழந்தைங்களுக்கான சேனலை மட்டும் காட்டுங்க" என்பார் இன்னொருவர். "கெட்டதைப் பார்க்காத வரைக்கும் ஒண்ணும் இல்லைங்க. என் பொண்ணு போனைப் பார்த்துத்தான் இங்கிலீஷே கத்துக்கிட்டா" என்பார் மூன்றாமவர்.

மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்விதான். திரையில் ஓடுவது நல்லதா, கெட்டதா?

"இது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியைக் கேட்க மறந்துவிட்டீர்கள்" என்று எழுபது வருடங்களுக்கும் மேலாகச் சொல்லிவரும் ஓர் அறிஞர் கூட்டம் இருக்கிறது. கனடாவின் டொரன்டோவில் முளைத்து, அமெரிக்காவின் நியூயார்க்கில் கிளை பரப்பிய கூட்டம். அவர்களுடைய துறையின் பெயர் 'மீடியா ஈகாலஜி'. தமிழில் ஊடகச் சூழலியல். காடு, ஆறு, பூச்சி, பறவை எல்லாம் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைச் சூழலியல் ஆராய்கிறது அல்லவா? அதேபோல எழுத்து, அச்சு, ரேடியோ, டி.வி, செல்போன் ஆகியவை நம்மைச் சுற்றி எப்படிப்பட்ட சூழலை உருவாக்குகின்றன, அந்தச் சூழலில் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று ஆராய்வது இவர்கள் வேலை.

பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் நம் வீட்டு ஹாலில் நடப்பதுதான். இந்த வாரம் அவர்களைக் கொஞ்சம் சந்தித்துவிட்டு வருவோம்.

தோல் வியாபாரத்தில் தொடங்கிய கதை

முதல் ஆள் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பெயர் ஹெரால்டு இன்னிஸ். 1894-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டுத் திரும்பி, மேற்படிப்பு முடித்து, டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட முதல் பெரிய ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? பீவர் என்ற விலங்கின் தோல் வியாபாரம்! ஐரோப்பியர்கள் தொப்பி செய்வதற்காக அந்தத் தோலைத் தேடிப் போன பாதையில்தான் கனடா என்ற நாடே உருவானது என்று 1930-ல் புத்தகம் எழுதினார். அதற்காகப் படகில் மெக்கன்சி ஆற்று வழியே வடக்கே போய் விசாரித்துவிட்டு வந்தவர். அடுத்து 1940-ல் காட் மீன் வியாபாரம் பற்றி ஒரு புத்தகம். பிறகு மரக்கூழும் காகிதமும்.

கனடாவின் காடுகள் காகிதமாகி, அமெரிக்கச் செய்தித்தாள் அச்சகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. காகிதத்தின் பின்னாலேயே போன இன்னிஸ், செய்தித்தாளில் வந்து நின்றார். தோலும் மீனும் ஒரு நாட்டின் வடிவத்தையே தீர்மானிக்கும் என்றால், எழுதுவதற்குப் பயன்படும் பொருள் ஒரு சமூகத்தை என்ன செய்யும்? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

பழைய எகிப்து, பாபிலோன், கிரேக்கம், ரோம் என்று வரலாற்றைப் புரட்டினார். கல்லும் களிமண் பலகையும் கனமானவை. ஆயிரக்கணக்கான வருடங்கள் நிற்கும். ஆனால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அப்படிப்பட்ட பொருளில் எழுதும் சமூகத்தில் கோயில், குருமார், பழைய மரபு ஆகியவற்றின் கை ஓங்கும். பாப்பிரஸும் காகிதமும் லேசானவை. ஒரு ராஜாவின் உத்தரவு ஆயிரம் மைல் தாண்டிப் போய்ச் சேரும். அங்கே அதிகாரிகள், படை, வியாபாரம் ஆகியவற்றின் கை ஓங்கும். ஆனால் அந்த எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும். ஒன்று காலத்தைக் கடக்கும், மற்றொன்று தூரத்தைக் கடக்கும். எந்தப் பக்கம் அதிகமாகச் சாய்ந்தாலும் சமூகத்துக்கு ஆபத்து என்றார் இன்னிஸ்.

இதை அவர் எழுதியது 1950-லும் 1951-லும். 1952-ல் இறந்துவிட்டார். ஆனால் இன்று காலை உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் ஃபார்வேர்டை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உலகத்தைச் சுற்றிவிடும். நாளை மறுநாள் அதைத் தேடினால் கிடைக்காது. தூரத்தை முழுசாக ஜெயித்து, காலத்தை முழுசாகத் தோற்ற ஊடகம்.

பல்பு என்ன செய்தி சொல்கிறது?

இன்னிஸின் கடைசிப் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தவர் அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்திய மார்ஷல் மெக்லூகன். 1953-ல் எட்மண்ட் கார்பென்டர் என்ற மானுடவியலாளரோடு சேர்ந்து, ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு ஒரு கருத்தரங்கு தொடங்கினார். இலக்கியம், மானுடவியல், பொருளாதாரம், உளவியல், கட்டடக்கலை என்று வேறு வேறு துறைக்காரர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

1964-ல் வந்த மெக்லூகனின் புத்தகம் அவரை உலகப் பிரபலமாக்கியது. அதில் அவர் காட்டும் உதாரணம் சாதாரண மின்சார பல்பு. பல்பில் செய்தி இல்லை, கதை இல்லை, பாட்டு இல்லை. ஆனால் பல்பு வந்த பிறகு ராத்திரியின் அர்த்தமே மாறிவிட்டது. ராத்திரியில் ஆபரேஷன் செய்யலாம், ராத்திரியில் விளையாடலாம். ரயிலும் அப்படித்தான். அதில் ஏற்றிய சரக்கு எதுவாக இருந்தாலும், ரயில் போன இடமெல்லாம் ஊரின் அமைப்பும் வேலையின் வேகமும் மாறின. ஆக, ஓர் ஊடகம் கொண்டுவரும் விஷயத்தைவிட, அந்த ஊடகம் வந்ததால் நம் வாழ்க்கையின் அளவிலும் வேகத்திலும் ஏற்படும் மாற்றம்தான் பெரிய செய்தி என்றார் அவர்.

அப்படியென்றால் திரையில் ஓடும் விஷயத்துக்கு மதிப்பே இல்லையா? அதற்கு மெக்லூகன் ஒரு திருடனைக் காட்டினார். வீட்டுக்குள் நுழையும் திருடன் காவல் நாய்க்கு ஒரு நல்ல இறைச்சித் துண்டைப் போடுவான். நாய் அதைத் தின்றுகொண்டிருக்கும். திருடன் வேலையை முடித்துவிடுவான். திரையில் ஓடும் விஷயம் அந்த இறைச்சித் துண்டு மாதிரி. அது நல்லதா கெட்டதா என்று நாம் முகர்ந்துகொண்டே இருக்கும்போது, வீட்டுக்குள் எது நுழைந்தது என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம்.

அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு விஷயம், மீனுக்குத் தெரியாத ஒரே பொருள் தண்ணீர் என்பது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருப்பதால், அப்படி ஒன்று இருப்பதே மீனுக்குத் தெரியாது.

மெக்லூகனின் குறும்புக்கு ஒரு கதை உண்டு. 1967-ல் வந்த அவர் புத்தகத்தின் அட்டையில் 'மெசேஜ்' என்று இருக்க வேண்டிய இடத்தில், அச்சுக்கோர்த்தவர் தவறுதலாக 'மசாஜ்' என்று போட்டுவிட்டாராம். பார்த்த மெக்லூகன், "அருமை! அப்படியே இருக்கட்டும்" என்று குஷியாகிவிட்டார் என்று அவர் மகன் எரிக் சொல்லியிருக்கிறார். ஊடகம் நம்மைப் பிடித்துவிட்டு, தட்டிக்கொடுத்து, இளக்கிவிடுகிறதே, அதுவும் மசாஜ்தானே! வுடி ஆலனின் 'ஆனி ஹால்' படத்தில்கூட மெக்லூகன் மெக்லூகனாகவே வந்து போவார்.

1979-ல் வந்த பக்கவாதம் அந்த ஓயாத பேச்சுக்காரரின் பேச்சைப் பறித்தது. 1980-ம் வருடத்தின் கடைசி நாளில் காலமானார்.

வாய்ஸ் மெசேஜும் வாய்மொழியும்

மெக்லூகனிடம் மாணவராக இருந்தவர் வால்டர் ஓங் என்ற இயேசு சபைப் பாதிரியார். எழுத்து என்ற ஒன்றே இல்லாத சமூகத்தில் மனிதர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்பதை 1982-ல் வந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார்.

எழுத்து இல்லாத இடத்தில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாவிட்டால் அது காணாமல் போய்விடும். அதனால் அறிவு முழுவதும் பழமொழியாகவும் பாட்டாகவும் கதையாகவும் சேர்த்துவைக்கப்பட்டது. வழக்கு தீர்க்க உட்கார்ந்தால் சட்டப் புத்தகத்துக்குப் பதில் பழமொழிதான் சாட்சி. எழுத்து வந்த பிறகு, நினைத்ததைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, தள்ளி நின்று, 'இது சரியா?' என்று யோசிக்க முடிந்தது. தனியாக உட்கார்ந்து வாசிப்பதும், வரிசையாக வாதம் செய்வதும் எழுத்தோடு சேர்ந்து வளர்ந்த பழக்கங்கள் என்றார் ஓங்.

ரேடியோவும் டி.வி-யும் வந்த பிறகு மறுபடி குரலின் காலம் வந்துவிட்டது என்றும் அவர் எழுதினார். ஆனால் இது பழைய குரல் அல்ல. எழுத்தின் மேல் ஏறி நிற்கும் புதிய குரல். டைப் செய்யச் சோம்பல்பட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் கல்லூரிப் பையனையும், எழுதப் படிக்கத் தெரியாமலே வாய்ஸ் மெசேஜில் பேரனோடு பேசும் பாட்டியையும் இன்று ஒரே வீட்டில் பார்க்கிறோம்.

பிளட் கல்ச்சர் தெரியும்தானே?

இந்த எண்ணங்களை எல்லாம் ஒரு துறையாகத் திரட்டியவர் நியூயார்க்கின் நீல் போஸ்ட்மேன். 1931-ல் பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் பேராசிரியர். 1968-ல் ஆங்கில ஆசிரியர்களின் மாநாட்டில் பேசும்போது மீடியா ஈகாலஜி என்ற துறைக்கு விளக்கம் கொடுத்தார். 1971-ல் தன் பல்கலைக்கழகத்தில் அதை ஒரு படிப்பாகவே தொடங்கிவிட்டார்.

ஏன் சூழலியல் என்ற பெயர்? போஸ்ட்மேன் சொன்ன விளக்கத்தைப் புரிந்துகொள்ள நமக்கு ஆஸ்பத்திரி லேப் போதும். காய்ச்சல் விடாவிட்டால் 'பிளட் கல்ச்சர்' எடுக்கச் சொல்வார்கள் அல்லவா? கிருமி வளர்வதற்கான சத்துள்ள ஒரு பொருளில் ரத்தத்தை விட்டு, என்ன வளர்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சத்துப் பொருளுக்கு இங்கிலீஷில் 'மீடியம்' என்று பெயர். அதில் வளர்வது 'கல்ச்சர்'. பத்திரிகை, டி.வி-யையும் மீடியம் என்கிறோம். பண்பாட்டையும் கல்ச்சர் என்கிறோம். போஸ்ட்மேன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஒரு பண்பாடு எந்த ஊடகத்துக்குள் வளர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது எப்படி வளரும் என்பது இருக்கிறது என்றார்.

அவருடைய இன்னோர் உதாரணம் கம்பளிப்பூச்சி. ஒரு காட்டிலிருந்து கம்பளிப்பூச்சிகளை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய காட்டில் ஒரு பூச்சி குறைந்தது என்று கணக்கு முடியாது. அதைத் தின்னும் பறவை போகும், அது தின்ற செடி பெருகும், காடே வேறு காடாகிவிடும். புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் அப்படித்தான். அச்சு இயந்திரம் வந்த ஐரோப்பா, பழைய ஐரோப்பாவோடு ஓர் இயந்திரம் கூடிய ஐரோப்பா அல்ல. அது வேறு ஐரோப்பா. தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விட்டால் ஓரமாக ஒரு சொட்டு மட்டுமா சிவப்பாகும்?

செல்போன் வந்த வீடும் 'பழைய வீடு கூட்டல் ஒரு போன்' அல்ல என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் கணக்கு.

குழந்தைப் பருவம் எங்கே போனது?

பெற்றோருக்கு மிக நெருக்கமான போஸ்ட்மேன் புத்தகம் 1982-ல் வந்தது. குழந்தைப் பருவம் மறைந்துகொண்டிருக்கிறது என்பது அதன் வாதம்.

அச்சுப் புத்தகம் பரவியபோது, படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைத் தாண்ட வருடக்கணக்கில் பள்ளிக்கூடம் போக வேண்டும். பெரியவர்களின் விஷயங்கள் எல்லாம் எழுத்துக்குள் பத்திரமாக இருந்தன. மரணம், காமம், வன்முறை, பணம், அதிகாரம் பற்றியெல்லாம் குழந்தைக்கு வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதவு திறந்தது. டி.வி-க்கு அந்தக் கோடு கிடையாது. பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. ஆறு வயதும் அறுபது வயதும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்க்கும். பெரியவர்களின் ரகசியம் என்று ஒன்று மிஞ்சாத இடத்தில் குழந்தை எப்படிக் குழந்தையாக இருக்கும் என்று கேட்டார்.

குழந்தைப் பருவம் என்ற எண்ணமே அச்சோடுதான் வந்தது என்பதைப் பல வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. அச்சுக்கு முன்னும் அம்மாக்கள் குழந்தையைக் குழந்தையாகத்தான் கொஞ்சினார்கள் என்பது அவர்கள் பதில். அது நியாயமான பதில்தான். ஆனால் கதவு பற்றிய போஸ்ட்மேனின் கவலை அதனால் தீர்ந்துபோகவில்லை. டி.வி ஹாலில் இருந்தது. ஒரு காட்சி வந்தால் அப்பா சேனலை மாற்றுவார், அம்மா "போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்று எழுப்பி அனுப்புவார். போன் போர்வைக்குள் இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் தள்ளத் தெரிகிறது.

ஏழு மணி நேரம் உட்கார்ந்த கூட்டம்

போஸ்ட்மேனின் மிகப் பிரபலமான புத்தகம் 1985-ல் வந்தது. அரசியல், மதம், கல்வி, செய்தி எல்லாமே டி.வி-க்குள் நுழைந்ததும் பொழுதுபோக்காக மாறிவிட்டன என்று அதில் வாதாடினார். அதற்கு அவர் எடுத்த ஒரு சம்பவம் 1854 அக்டோபரில் அமெரிக்காவின் பியோரியா என்ற ஊரில் நடந்தது.

மேடையில் ஸ்டீபன் டக்ளஸ் மூன்று மணி நேரம் பேசி முடித்தார். அடுத்துப் பேச வேண்டியவர் ஆபிரகாம் லிங்கன். அவர் எழுந்து, "மணி ஐந்தாகிவிட்டது. நானும் அதே அளவு நேரம் பேசுவேன். அதற்கு டக்ளஸ் பதிலும் சொல்வார். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்ற பொருளில் சொன்னார். ஜனங்களும் அப்படியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் நான்கு மணி நேரப் பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்தார்கள்.

அச்சில் வளர்ந்த காதுகளுக்குத்தான் அந்தப் பொறுமை இருந்தது என்றார் போஸ்ட்மேன். இதைப் படித்துவிட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விட வேண்டாம். அன்றைய பேச்சின் பொருளே அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவலாமா என்பதுதான். பெண்களுக்கு ஓட்டு கிடையாது. நீளமாகக் கேட்கத் தெரிந்த சமூகம் நியாயமான சமூகமாக இருந்துவிடவில்லை. ஆனால் நீளமாகக் கேட்கும் பழக்கம் இயற்கையாக வருவதில்லை, ஒரு சூழலில்தான் அது வளரும் என்பதற்கு இந்தச் சம்பவம் நல்ல உதாரணம். அரை நிமிட ரீல்ஸில் வளரும் காதுக்கு வகுப்பில் ஆசிரியர் பேசும் நாற்பது நிமிடம் ஏழு மணி நேரமாகத் தெரிந்தால், தப்பைக் காதின் மேல் மட்டும் போட முடியாது.

எதிர்க் கேள்விகள்

இந்த அறிஞர்களுக்கு எதிர்ப்பும் பலமாக உண்டு. பிரிட்டனின் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974-ல் எழுதிய புத்தகத்தில் மெக்லூகனைக் கடுமையாக விமர்சித்தார். 'கருவி தானாக வானத்திலிருந்து விழுந்து மனிதர்களை மாற்றுவதுபோலப் பேசுகிறீர்கள். அதை யார் உருவாக்கினார்கள், எதற்காகப் பணம் போட்டார்கள், யாருக்கு லாபம் என்று ஏன் கேட்பதில்லை?' என்பது அவர் விமர்சனத்தின் சாரம்.

செல்போன் விஷயத்தில் இது ரொம்பப் பொருந்தும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது இயற்கையின் விதி அல்ல. நாம் பார்க்கும் நேரம்தான் விளம்பர வருமானம் என்பதால் ஒருவர் உட்கார்ந்து அப்படி வடிவமைத்திருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் அப்பா, குழந்தை முதல் அடி எடுத்துவைப்பதை வீடியோ காலில் பார்க்கிறார். காது கேளாதவர்கள் சைகை மொழியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் போனைத் திட்டுவது நேர்மையாகாது. புதிய தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் ஒரு கையால் கொடுத்து, மறு கையால் எடுக்கும் என்று போஸ்ட்மேனே சொல்லிவந்தார். கொடுத்ததை விளம்பரம் சொல்லிவிடும். எடுத்ததை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

1998 செப்டம்பரில் இந்தத் துறைக்காரர்கள் ஐந்து பேர் நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் கூடி, மீடியா ஈகாலஜி அசோசியேஷன் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் லான்ஸ் ஸ்ட்ரேட், போஸ்ட்மேனின் மாணவர். 2000-ல் முதல் மாநாடு. அதில் பேசிய போஸ்ட்மேன், 'ஒரு ஊடகம் நம்மை நல்லவர்களாக இருக்க விடுகிறதா, தடுக்கிறதா என்று கேட்காமல் இந்தத் துறையைப் படித்துப் பயனில்லை' என்ற கருத்தை அழுத்தமாகச் சொன்னார். 2003-ல் அவர் மறைந்தார். சங்கம் இன்றும் வருடா வருடம் கூடுகிறது.

வீட்டுக்கு நான்கு கேள்விகள்

சரி, நமக்கு என்ன? மெக்லூகனும் மகன் எரிக்கும் சேர்ந்து எழுதி, மெக்லூகன் இறந்த பிறகு 1988-ல் வெளிவந்த புத்தகத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எந்தப் புதிய சாதனத்தையும் இந்த நான்கையும் கேட்டுச் சோதிக்கலாம். இது எதைப் பெரிதாக்குகிறது? எதை ஓரம் தள்ளுகிறது? மறந்துபோன எதைத் திரும்பக் கொண்டுவருகிறது? எல்லை மீறிப் போனால் எதுவாகத் தலைகீழாகிறது?

எல்லோரிடமும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை வைத்துப் பார்ப்போம்.

பெரிதாக்குவது எதை? உறவின் எல்லையை. திருநெல்வேலி அத்தையும் டொரன்டோ சித்தப்பாவும் ஒரே நொடியில் குழந்தையின் போட்டோவைப் பார்க்கிறார்கள்.

ஓரம் தள்ளுவது எதை? போன் பேச்சை. முன்பு பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால், வாழ்த்து அரை நிமிடம், மாமாவின் சர்க்கரை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் கால் மணி நேரம் ஓடும். இப்போது ஒரு கேக் படத்தோடு முடிந்தது.

திரும்பக் கொண்டுவருவது எதை? திண்ணையை. ஒருவர் பேச எல்லோரும் கேட்பது, நடுவில் ஒருவர் கிண்டல் செய்வது, கோபித்துக்கொண்டு ஒருவர் எழுந்து போவது (லெஃப்ட் தி குரூப்!) எல்லாமே பழைய திண்ணைக் காட்சிகள்.

தலைகீழானால்? ஒரு நாளைக்கு நூறு 'குட் மார்னிங்' வந்தால் எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். நெருங்குவதற்கு ஆரம்பித்த குரூப், யாரும் யாரையும் கேட்காத இடமாகிவிடும்.

இப்போது பிள்ளையின் போனுக்கு வருவோம். இரண்டாவது கேள்விதான் இங்கே முக்கியம். ராத்திரி இரண்டு மணி நேரம் ஒரு குழந்தை விண்வெளி பற்றிய அருமையான வீடியோக்களைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன பார்க்கிறது என்ற கேள்விக்கு நூற்றுக்கு நூறு மார்க். எது ஓரம் போனது? தூக்கம். தங்கையோடு போட்டிருக்கக்கூடிய சண்டை, அதன் பிறகான சமாதானம். "போரடிக்குது" என்று ஹாலைச் சுற்றிவந்து கடைசியில் எதையாவது பிரித்துப்போட்டுப் பார்த்திருக்கும் அரை மணி நேரம். பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது அரைகுறையாகக் காதில் விழும் குடும்பக் கதைகள். இவற்றை எந்தப் பேரன்டல் கன்ட்ரோல் ஆப்பும் கணக்கு எடுத்துச் சொல்லாது. நல்ல வீடியோ என்பதாலேயே நாமும் கவனிக்க மாட்டோம். இறைச்சித் துண்டு நல்ல தரமானதாக இருந்ததே!

அதனால் கண்காணிப்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை. கெட்டதைத் தடுக்கத்தான் வேண்டும். அதோடு வேலை முடியவில்லை என்பதுதான் விஷயம். சூழல் கெட்டால் சூழலைத்தான் மாற்ற வேண்டும். அதற்குப் பெரிய சட்டதிட்டம் தேவையில்லை. வீட்டில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் போனும் அங்கேதான் தூங்கும். அதை ஹாலில் ஒரே இடத்துக்கு மாற்றினால், எந்த அறிவுரையும் சொல்லாமலே படுக்கையறை வேறு படுக்கையறை ஆகிவிடும். காலையில் எழுப்ப அலாரம் வேண்டுமே என்றால், ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவைத்தால் தீர்ந்தது. சாப்பிடும் இடத்துக்குப் போன் வருவதில்லை என்று முடிவு செய்தால், முதல் நாலைந்து நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து என்ன பேசுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். அந்த முழிப்பு நல்ல அறிகுறி. ஓரம் போன ஒன்று திரும்பி வர இடம் தேடுகிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த ஹால் சார்ஜரில் அப்பாவின் போனும் அம்மாவின் போனும் தாத்தாவின் போனும் சேர்ந்து தூங்க வேண்டும். ஒரே தொட்டியில் இருக்கும் மீன்களில் குட்டி மீனுக்கு மட்டும் தண்ணீரை மாற்ற முடியாது.